எட்டாம் நம்பர் பாதம்

அவருடைய பாதத்தை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சில ஆயிரம் இருக்கும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பஸ்ஸைத் துரத்துகிறவர்கள், வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிறவர்கள் என்று பல பேர். அவருக்குத்தான் அந்தப் பாதம் இப்போது இல்லை. வலது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்துபோயிருந்தது.

அவர் வேலை பார்க்கும் செயற்கைக்கால் கம்பெனியில் அவரை 'எட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்கு 'எட்டண்ணே'. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளாஸ்டர் மாவு மூட்டைகளை இறக்க வந்த லாரி டிரைவர் அவர். அன்றைக்கு நல்ல மழை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரக்காலோடு உள்ளே நடந்தவரை, சிமென்ட் தரையில் விழுந்த தடத்தைப் பார்த்து முதலாளி நிறுத்தினார்.

"தம்பி, அப்படியே நில்லுங்க!"

எதையோ மிதித்து உடைத்துவிட்டோம் என்று பயந்து அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ரெண்டையும் ஊனுங்க. இந்த வளைவு, இந்த விரல் வரிசை... உங்க செருப்பு சைஸ் என்ன?"

"எட்டுங்க."

அன்றைக்கே இரண்டு பாதங்களையும் அச்செடுத்தார்கள். கம்பெனி அப்போதுதான் அழகு பார்த்துச் செய்த கால்களில் இறங்கியிருந்தது. மேலே கால் உறையை ஆளுக்கொரு மாதிரி செய்வார்கள். செப்புக் கம்பியில் பின்னியது, புலிவரி போட்டது, கடல் நீலம், பூவேலைப்பாடு. கீழே பாதம் மட்டும் ஒரே மூல அச்சிலிருந்து வார்த்தது. அலமாரியில் 'ஆண் 8' என்று எழுதிய தட்டு அவருடையது. 'பெண் 6' எதிர்த்தெரு பேக்கரி அம்மாளுடையது.

"அலமாரியில ஜோடி சேர்ந்து நிக்குறீங்களாமே ரெண்டு பேரும்?" என்று அவர் மனைவி வருஷக்கணக்கில் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதம் மட்டும்தானே? மேல ஒண்ணும் இல்லையே."

"அதனாலதான் விட்டு வெச்சிருக்கேன்."

லாரியை விட்டுவிட்டு அவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டார். முன்கூடம் அவர் பொறுப்பு. கண்ணாடிப் பெட்டிகளில் விளக்கு வெளிச்சத்தில் கால்கள் வரிசையாக நிற்கும். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்க்கமாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, பேச்சுக் கொடுத்து, மெல்லத் தலையை நிமிர்த்துவதுதான் அவர் வேலை. யாருக்கு எது பொருந்தும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். தோல் நிறத்தில் ஒன்று போதும் என்று வந்த கணக்கு டீச்சரின் நகப்பூச்சைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு ரத்தச் சிவப்பு. மார்க்கைக் குறைக்காதீங்க" என்றார். அந்தம்மா சிவப்புக் காலோடு போய், மறுமாதம் குட்டைப் பாவாடையில் வந்து காட்டிவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், தான் முப்பது வருஷம் நடந்த தெருக்களைக் கெண்டைக்கால் முழுக்கக் கோடுகளாகப் பொறித்துக்கொண்டார். அந்த யோசனையும் இவருடையதுதான்.

யாராவது தயங்கினால் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கண்ணாடிப் பெட்டிப் பாதத்துக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்து நிற்பார். "எது நெஜம், எது சரக்கு, சொல்லுங்க பார்ப்போம்." அதற்குள் எதிரே இருப்பவர் சிரித்திருப்பார். "கூச்சப்படாதீங்க. இனிமே நீங்க என் கால்லதான் நிக்கப் போறீங்க. நான் யார் காலையும் வாரினதில்ல."

அப்படி வெறுங்காலோடு நடந்த ஒரு நாளில்தான் கால் வார்க்கிற ரெசின் பிசின் கெட்டிப்பட்ட சிராய் ஒன்று வலது பாதத்தில் ஏறியது. கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும் அது. சர்க்கரை வந்து பத்து வருஷமாக மரத்துப்போயிருந்த கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்ஸில் இருந்த பழுப்புக் கறையை டீக்கறை என்று நினைத்தார். சர்க்கரை உள்ள வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும், "தினம் காலைல தரையில கண்ணாடிய வெச்சு உள்ளங்காலைப் பாருங்க" என்று சொல்லி, கம்பெனி பெயர் போட்ட கைக்கண்ணாடி ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறவர் அவர்தான். வீட்டில் அந்தக் கண்ணாடிகள் பதினொன்று கிடந்தன. ஒன்றில்கூட அவர் கால் தெரிந்ததில்லை. தன் பாதம் மற்றவர்கள் பாதம் மாதிரி இல்லை, அச்சுப் பாதம், அதற்கு என்ன வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு விரல். பிறகு மூன்று விரல். "அடுத்த ஸ்டாப்பு எதுங்க டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பு முழங்காலுக்குக் கீழே. புண்ணை மனைவியிடம் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் சரியாகப் பதினொன்றாம் நாள்.

நான்கு மாதம் கழித்துத் தையல் ஆறி, பயிற்சிக்காலில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார். அவர் மனைவி மழலையர் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்தாள். நாற்பது குழந்தைகளின் ஷூவைக் காலையில் கழற்றி, மதியம் மாட்டி, நாடா கட்டிவிடுகிறவள். இவருக்காக எடுத்த விடுப்பு இன்னும் இரண்டு வாரத்தில் முடிய இருந்தது. "லீவு முடிஞ்சு திங்கக்கிழமை நான் கெளம்பும்போது வாசக் கேட்டு வரைக்கும் நடந்து வந்து அனுப்பி வையுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்று சொல்லியிருந்தாள்.

கால் தேர்ந்தெடுக்க அவரைக் கம்பெனிக்கு அழைத்து வந்தார்கள். வழக்கமாக வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, டீயும் கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தரைதான் முதலில் தெரியும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தீங்க. இப்ப சொல்லுங்க எட்டு, உங்களுக்கு எது?" என்றார் முதலாளி.

"புலிக்கால் எடுங்கண்ணே. அண்ணி அதட்டுறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்பாங்க," என்றாள் நிறம் பூசுகிற பெண். விரல் நகமெல்லாம் எப்போதும் ஏதாவது ஒரு வர்ணம் ஒட்டியிருக்கும் அவளுக்குச் 'சாயம்' என்று பெயர் வைத்ததே எட்டுதான்.

"அவ புலியையே பல் தேய்க்க வெச்சு, கை கட்டி உக்கார வெச்சிடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சாயம் கைவிளக்கு மாதிரி இருந்த ஸ்கேனரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு விட்டீங்கன்னா, உங்க இடது காலை அப்படியே படமா எடுத்து, கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிப் போட்டு வலது கால் செஞ்சிடுவேன். அச்சு அசலா ஜோடி சேரும். படம் எடுக்க அஞ்சு நிமிஷம்தான். சாக்ஸை மட்டும் கழட்டுங்க."

அவர் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம். ஆண் எட்டு இருக்குல்ல. சொந்தக் கால் அலமாரியில இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்கு?"

"அண்ணே, அது முப்பத்திரண்டு வயசுக் கால்!"

"அடேங்கப்பா, மாப்பிள்ளை இளமைக் கால் கேக்குறாரு," என்றார் கால்களைப் பொருத்துகிற மனிதர். சுவரில் படம் மாட்டினால்கூட ரசமட்டம் வைத்துப் பார்க்கிற ஆள். அதனால் அவர் பெயரே ரசமட்டம். "இடது கால் அம்பத்தி நாலு, வலது கால் முப்பத்தி ரெண்டு. சராசரி போட்டா நாப்பத்தி மூணு. பொண்ணு பார்க்கலாம்யா!"

எட்டும் சேர்ந்து சிரித்தார். ஆசை என்று நினைத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் அப்படி நினைப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

நான்கு நாளுக்கு முன்னால், குளியலறையில், பதினொரு கண்ணாடிகளில் ஒன்றைத் தரையில் வைத்து அவர் பார்த்திருந்தார். இந்தத் தடவை ஒழுங்காகத்தான் பார்த்தார். தினமும் பார்த்தார். நான்கு மாதமாக இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்த இடது குதிகாலில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு. ஓரத்தில் ஈரம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கறுப்பு கண்ணாடியில் இல்லை.

வெளியே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரம்தான். வாய் திறந்தது. போன தடவை அவளிடம் சொன்ன நாளிலிருந்து எண்ணிய பதினொன்றுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சொன்னால் அன்றிலிருந்து எண்ணிக்கை தொடங்கிவிடும். சொல்லாதவரைக்கும் அது வெறும் கறுப்பு. அறிவுக்கு ஒத்துவராத கணக்கு என்பது அவருக்கும் தெரியும். இதே கணக்கைப் போட்டுக் காலைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரை அந்தக் கூடத்தில் உட்காரவைத்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்று அங்கலாய்த்திருக்கிறார். இருந்தாலும் களிம்பைத் தடவி, பஞ்சு வைத்து, இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"குளிரா?" என்றாள் மனைவி.

"ஒத்தக் காலுக்கு எல்லாக் குளிரும் வந்து சேருது."

ஆண் எட்டில் பாதம் வார்த்தார்கள். சாயம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் அவள் நிறம் சேர்ப்பாள்.

"இடது காலைக் காட்டினாத்தானே நான் கலர் பிடிக்க முடியும்?"

"கையைப் பார்த்து அடி."

"கையும் காலும் ஒரே வெயிலையா பார்த்துச்சு?"

"எனக்கு எல்லாம் ஒரே கலர்தான். நாள் முழுக்க டியூப்லைட்டுக்கு அடியில நின்னவன்தானே."

சாயம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்கவில்லை. முழங்கையின் உள்பக்க நிறத்தைப் பிடித்துப் பூசினாள். காய்ந்த பாதத்தை அவர் கையில் கொடுத்தபோது, அது கனமில்லாமல், வழுவழுவென்று, எங்கேயும் போய் வராத பாதமாக இருந்தது. விரல்கள் அவருடையவைதான், சந்தேகமில்லை. ஆனாலும் சின்ன வயதுப் போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, போட்டுக்கொண்டு நட என்று சொன்ன மாதிரி இருந்தது. மேலே உறைக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் ஒரு பார்வையில் தேர்ந்தெடுத்தவருக்குத் தனக்கென்று வரும்போது எல்லாக் கால்களும் கண்ணாடிக்குள்ளேயே நின்றன. "கறுப்பு" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்ன நிறத்தைக் கேட்டு அவரே ஒரு கணம் அதிர்ந்துபோனார்.

சனிக்கிழமை காலை பொருத்த வரச் சொன்னார்கள். மனைவியும் கூட வந்தாள். நல்ல புடவை. கறுப்பைப் பார்த்து அது பத்தொன்பதாம் நாள். பொத்தான் இப்போது ஐந்து விரல் நுனியைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஆகியிருந்தது. பஞ்சு இரண்டு சுற்று. இரண்டு மூன்று நாளாக லேசான வாடை. அதற்காகச் சாக்ஸில் பவுடர் கொட்டியிருந்தார்.

"ஷூவோடயே நிக்கிறேன், அதான் சரி," என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். பொருத்தும் வேலையின் நெளிவுசுளிவு அவருக்கு அத்துப்படி. ஷூவோடு நின்றாலும் அளவு பார்த்துவிடலாம். கழற்றத் தேவையில்லை.

கறுப்புக் கால் முழங்காலுக்குக் கீழே கிளிக்கென்று சேர்ந்தது. அவர் எழுந்தார். கம்பியைப் பிடிக்காமல் நின்றார். முதலாளி கை தட்டினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்தபோது தான் உயரம் கூடிவிட்ட மாதிரி அவருக்கு இருந்தது. மரத்துப்போன இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு சந்தோஷம், உண்மையாகவே, ஒரு நொடி வந்து போனது.

ரசமட்டம் இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துப் பார்த்தார். பிறகு குறுக்கே மட்டத்தை வைத்தார். கண்ணாடிக் குழாயில் இருந்த குமிழ் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஏறியது.

"என்னய்யா இது?" வலது பாதத்துக்கு அடியில் ஒரு அட்டை சொருகினார். குமிழ் கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு அட்டை. மூன்றாவது. குமிழ் நடுவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டினார். "ஆறு மில்லி. ரெண்டு மாசத்துக்கு முன்னால இதே ஷூவுல, இதே இடது காலை நான்தானே அளந்தேன்? பயிற்சிக்காலோட மட்டமா இருந்துச்சே, அதே உயரத்துலதானே இதையும் செஞ்சோம்."

"வயசான காலத்துல வளர்றேனோ என்னமோ."

"ஒரு பக்கம் மட்டுமா?"

"உங்க மட்டம் பழசாயிடுச்சு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ரசமட்டம் விட்டிருப்பார். மட்டத்தைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துக் காட்டினார், ஜன்னல் கட்டைமேல் வைத்துக் காட்டினார். குமிழ் நடுவில் அசையாமல் நின்றது. திரும்பி வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எட்டு, ஷூவுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

சாயம் ஜன்னல் பக்கமிருந்து எழுந்துவிட்டாள். இவ்வளவு நாளும் தான் கேட்காமல் விட்ட கேள்வி அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

மனைவி வந்தாள். முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க."

"ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

"காலை நீட்டுங்க."

நாற்பது குழந்தைகளிடம் பேசுகிற குரல். அந்தக் குரலுக்கு மறுபேச்சுப் பேச யாருக்கும் பழக்கமில்லை. அவர் உட்கார்ந்து நீட்டினார். நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். ஷூ. முதல் சாக்ஸ். பவுடர் வெள்ளையாகக் கொட்டியது. இரண்டாவது சாக்ஸை இறக்கும்போதுதான் கை நிதானப்பட்டது, ஒட்டியிருந்தது. பஞ்சு அதோடேயே வந்தது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"நேத்துதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்தொம்பது நாள்," என்றார்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்றாவது. அவள் குதிகாலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள், நல்ல புடவை என்று பார்க்காமல். "பக்கத்துலதானே இருந்தேன்," என்றாள். "துணி மடிச்சுக்கிட்டு பக்கத்துலதானே இருந்தேன்."

பதினொன்று என்கிற எண்ணை அவளிடம் எப்படி விளக்குவது?

ரசமட்டம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். முதலாளி வண்டியை வாசலுக்கு எடுத்து வரப் போனார். பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் யார் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அப்போதுதான் சாயம் வந்தாள். கையில் ஸ்கேனர்.

"என்ன சாயம்?"

"அண்ணே... ஒண்ணும் ஆகாது. ஆகவே ஆகாது. இருந்தாலும்..." தரையைப் பார்த்தாள். "எடுத்து வெச்சுக்கட்டுமா?"

"ஏம்மா, இதுவா நேரம்? அறிவு இருக்கா உனக்கு?" என்று சீறினார் ரசமட்டம்.

எட்டுக்குப் புரிந்தது. காலோடு இருக்கும்போதே காலை எடுத்து வைப்பது. அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார், முன்கூட்டியே ஒரு அச்சு எடுத்து வையுங்கள், பின்னால் உதவும் என்று. சொல்லும்போது அது வெறும் யோசனை. கேட்கிற பக்கம் உட்கார்ந்தால் தீர்ப்பு. வேண்டாம் என்று சொல்ல நினைத்து அவர் மனைவியைப் பார்த்தார்.

அவள் மடியில் இருந்த காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாகப் பாயிலும் படியிலும் பக்கத்தில் கிடந்த கால். மேல்புறம் கறுத்து, நரம்பு புடைத்து, பெருவிரல் நகம் தடித்து, சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு. அலமாரியில் நிற்கிற ஜோடியில் இப்படி ஒன்று இல்லை.

"எடும்மா," என்றாள்.

"ஏய்..."

"எடுக்கட்டும். நீங்க ஆடாம இருங்க."

குதிகாலை அவள் இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தாள். சாயம் தரையில் உட்கார்ந்து ஸ்கேனரைக் கணுக்காலிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளை வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தபடி பாதத்தைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. பக்கத்துத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பாதம் துண்டு துண்டாக எழுந்து வந்தது. முதலில் குதிகாலின் வெடிப்புகள், பிறகு வளைவு, பிறகு புறங்கால் நரம்புகள். அவர் திரையைப் பார்க்கவில்லை. வெளிச்சம் படும்போது ஏதாவது தெரிகிறதா, சூடாகவோ குறுகுறுப்பாகவோ, என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. மனைவியின் கை பட்டிருப்பதும் பார்த்தால்தான் தெரிந்தது. அதனால் அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது.

"முடிஞ்சிடுச்சு," என்றாள் சாயம். திரையில் பாதம் மெல்லச் சுழன்றது. பழக்க தோஷத்தில் அவள் விரல், அச்சுக்குப் போகும் எல்லாப் பாதங்களுக்கும் செய்வதுபோல், மடங்கிக் கிடந்த சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தப் போனது.

"அது வேணாம்மா," என்றாள் மனைவி, குனிந்து சாக்ஸை மாட்டியபடியே. "அது அப்படித்தான் இருக்கும். நேராக்கிடாத."